மழை பெய்யாத நாளில் இடிந்த சுவர்

ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பில் எனக்கும் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்த என் எஸ்தர் அக்காவுக்கு,

உங்களைக் கொன்றது சுவருக்குள் இருந்த அரை இஞ்ச் இரும்புக் குழாய். அது இரண்டு வருஷமாகக் கசிவது நமக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரிந்தேதான் அதன் மேல் சிமென்ட் பூசினார். இப்போது சுவர் மழையில் இடிந்தது என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்.

இப்படி எடுத்த எடுப்பில் எழுதாதே என்கிறார்கள் நம் பனியன் கம்பெனியில். "எறந்தவங்களுக்குக் கடுதாசி எழுதறதுன்னா நல்லதா நாலு வார்த்தை எழுதோணும் தம்பி" என்றார் ஸ்டோர் கீப்பர். உங்களைப் பற்றி நல்ல வார்த்தைக்கா பஞ்சம்? இந்தப் பதினாறு நாளும் அதைத்தான் கேட்கிறேன். நல்ல பொம்பளை, பாவம், போயிட்டாங்க. எப்படிப் போனீர்கள் என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் ஏதோ அவசர வேலை வந்துவிடுகிறது.

இதைப் படிக்கிறவர்களுக்கு நம் வீட்டைத் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் அது ஒரு தொட்டிக்கட்டு வீடு. நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், அதைச் சுற்றி அறைகள். வீட்டுக்காரரின் தாத்தா பருத்தி வியாபாரம் செய்த காலத்தில் கட்டியது. முன்பக்கம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. செதுக்கிய கதவு, தேக்குத் தூண், முட்டை ஓடு மாதிரி வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு. கல்யாண ஜோடிகள் அங்கே வந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பின்பக்கத்தை ஹாலோ பிளாக் வைத்துத் தடுத்து ஆறு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். கம்பெனியில் பவர்டேபிள் மிஷினில் தைக்கிற டைலர் நீங்கள், நூல் பிரிக்கிறவர்கள், ஒடிசாவில் இருந்து வந்த சுனிதா குடும்பம், கணியூரில் இருந்து வந்த நான். போட்டோ எடுக்க ஆள் வந்தால் நாம் கொடியில் போட்ட துணியை எடுத்துவிட வேண்டும். ஞாபகம் இருக்கிறதா? ஒருநாள் நீங்கள் எடுக்க மறுத்தீர்கள். "எங்க பாவாடையும் சேந்து படத்துல விழட்டும் அண்ணாச்சி, கல்யாணப் பொண்ணுக்கு வாழ்க்கைன்னா என்னன்னு இப்பவே தெரியட்டும்." அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள்.

அந்த வீடு கட்டியபோது அதில் குழாயே கிடையாது. பின்னால் கிணறு இருந்தது. வீட்டுக்காரரின் அப்பா காலத்தில்தான் சுவரைக் கீறி, இரும்புக் குழாயை உள்ளே வைத்துப் பூசினார்கள். செங்கல்லை வெறும் மண் சாந்தில் வைத்துக் கட்டிய சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. அதற்குள் என் வயதைவிட அதிக வருஷமாக ஒரு இரும்புக் குழாய் தண்ணீரோடு கிடக்கிறது. துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? முழங்கை மாதிரி வளைகிற இடத்தில், மரை போட்ட இடத்தில்தான் முதலில் அரிக்கும். உங்கள் அடுப்படிச் சுவரில் அது அரித்தது.

முதலில் ஒரு கை அகலத்துக்கு ஈரம். அப்புறம் உப்புப் பூத்து, பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. குழாய் சுவரை விட்டு வெளியே வருகிற முனையில் சொட்டத் தொடங்கியதும் கீழே ஒரு வாளி வைத்தீர்கள். "மணிமுத்தாறு டேமையே கொண்டாந்து எங்க அடுப்படியில வச்சுட்டாவ" என்று உங்கள் ஊர் டேமைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு விடுகிற ஆளா நீங்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுக் குழாயையும் மூடச் சொன்னீர்கள். முன்பக்கத்தில் மட்டும் இருக்கிற மொட்டை மாடிக்குப் போய், கறுப்புத் தொட்டிக்குள் தண்ணீர் நிற்கிற மட்டத்தில், கம்பெனியில் துணிக்குக் கோடு போடுகிற சாக்பீஸால் ஒரு கோடு போட்டீர்கள். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே. ஒரு சொட்டு யாரும் பிடிக்கவில்லை. கசிவு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. நான் ஐ.டி.ஐ. படித்தவன். எனக்கு அது தோன்றவில்லை, உங்களுக்குத் தோன்றியது.

வீட்டுக்காரரை மாடிக்கே கூட்டிப்போய்க் காட்டினீர்கள்.

"ஏனுங்க அம்மணி, நீங்க டைலருங்களா பிளம்பருங்களா?" என்றார் அவர்.

"தண்ணி சொட்டுத வீட்ல குடியிருக்கவளுக்கு ரெண்டும் தெரியணும்லா அண்ணாச்சி."

"இது எங்க தாத்தா காலத்துச் செவுருங்க. கொஞ்சம் ஈரம் கோத்துக்கத்தான் செய்யும். கடப்பாரையப் போட்டா மொத்தமும் உதுந்துருமுங்க. பழைய ஊடுன்னா அப்புடித்தான் இருக்கும்."

பழைய வீடு என்றால் அப்படித்தான் இருக்கும். இரண்டு வருஷத்தில் இந்த ஒரு பதிலை எத்தனை முறை கேட்டோம்? அந்த வீட்டின் வயது அவருக்கு முன்பக்கத்தில் பெருமை, பின்பக்கத்தில் சாக்கு. அதற்குப் பிறகு மாடிப்படிக்கு ஒரு கிரில் கதவு போட்டுப் பூட்டினார். மோட்டார் சுவிட்ச் கீழேயே இருக்கிறது, உங்களுக்கு மாடியில் என்ன வேலை என்றார்.

அக்கா, என் வேலை உங்களுக்குத் தெரியும். நம் கம்பெனியில் அயர்னிங் டேபிளுக்குப் போகும் ஸ்டீம் லைன், கம்ப்ரெசர், குழாய் எல்லாம் என் பொறுப்பு. நீங்கள் போவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஸ்டீம் லைனில் ஒரு வால்வு சொட்டியது. வெள்ளை டி-ஷர்ட் ஒன்றில் பொட்டு அளவு துருக்கறை. லைன் இன்சார்ஜ் பத்து நிமிஷத்தில் மூன்று தடவை போன் போட்டார். "பீஸ் ரிஜெக்ட் ஆவுதுப்பா, ஓடி வா!" ஓடினேன். லைனை நிறுத்தி, அந்தத் துண்டை அறுத்தெடுத்து, புதுக் குழாய் மாட்டினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதுவும் அரை இஞ்ச் இரும்புக் குழாய்தான். ஒரு சட்டையில் கறை படியக் கூடாது என்று ஓடத் தெரிந்த ஊருக்கு, அந்தச் சட்டையைத் தைத்தவள் வீட்டுச் சுவரைப் பார்க்க இரண்டு வருஷம் நேரமில்லை.

ஊரைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. என்னைப் பற்றியும் எழுத வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

வாளியை மாற்றி மாற்றி அலுத்துப்போய், "மெயின்டனன்ஸ் தம்பி, இதுக்கு ஒரு வழி பண்ணேன்" என்றீர்கள். நான் திருப்பூர்க்காரன் செய்வதைச் செய்தேன். கட்டிங் வேஸ்டில் இருந்து, இழுத்தால் நீளுகிற ரிப் துணியைக் கிழித்து, இழுத்து இழுத்து அந்த முனையில் சுற்றினேன். மேலே எலாஸ்டிக்கால் இறுக்கினேன். அதற்கும் மேலே பசையை அப்பினேன். இந்த ஊரில் பைக் ஹேண்டிலுக்கும் அதுதான், வெட்டுப்பட்ட விரலுக்கும் அதுதான், ஒழுகுகிற குழாய்க்கும் அதுதான். பனியன் துணியால் கட்ட முடியாத எதுவும் உலகத்தில் இல்லை என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். சொட்டு நின்றது. "இப்ப தற்காலிகமா இருக்கட்டுங்க்கா, ஒரு ஞாயித்துக்கெழம தொறந்து பாத்துரலாம்" என்றேன். அன்றைக்குக் கிண்ணத்தில் இரண்டு துண்டு மீன் கூடுதலாக இருந்தது. பெருமையாகச் சாப்பிட்டேன்.

தண்ணீர் வெளியே வருகிற வாயை நான் அடைத்துவிட்டேன் அக்கா. அது குழாயை ஒட்டியே திரும்பிச் சுவருக்குள் போனது. அதுவரை வாளிக்குள் விழுந்ததையும் சேர்த்து மண் குடிக்க ஆரம்பித்தது. வாளி காய்ந்ததைப் பார்த்துக் கசிவு நின்றது என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் நினைக்கவில்லை. சுண்ணாம்பு அடிக்க வந்தவன் கிரிலைத் திறந்து வைத்திருந்த நேரம் பார்த்து மாடிக்கு ஏறி, மறுபடியும் கோடு போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தீர்கள்.

"வாளி காஞ்சு கெடக்கு. டேங்க் மட்டும் இறங்கிக்கிட்டே இருக்கு. அப்ப தண்ணி எங்கதான் போகுது தம்பி?"

"ஷிப்மென்ட் வாரமுங்க்கா. முடியட்டும், பாக்கறேன்."

ஷிப்மென்ட் முடிந்தது. அடுத்த ஷிப்மென்ட் வந்தது. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நாள் கிடைக்கவே இல்லையா? தெரியவில்லை. கிடைத்த நாளில் நான் தூங்கியிருப்பேன்.

அப்புறம் சுவர் வயிறு மாதிரி முன்னால் தள்ள ஆரம்பித்தது. நீங்கள் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் ஒரு கொத்தனாரை அனுப்பினார். உப்புப் பூத்த பூச்சைச் சுரண்டிவிட்டு, அந்த ஈரத்தின் மேலேயே கெட்டியாகச் சிமென்ட் பூசச் சொன்னார். கொத்தனாருக்கே மனசில்லை. "கொழாயப் பாக்காம பூசறது வேண்டாங்க" என்று இரண்டு தரம் சொன்னார், நானும் நீங்களும் பக்கத்தில் நின்று கேட்டோம். "சொன்னதச் செய்யப்பா" என்றார் வீட்டுக்காரர். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. வெளியே பார்க்கச் சாம்பல் நிறத்தில், காய்ந்து, கச்சிதமாக இருந்தது. "பாருங்க அம்மணி, இப்ப ஜம்முனு இருக்குதா?" என்று தட்டிக் காட்டிவிட்டுப் போனார். உள்ளே செங்கல்லுக்கு நடுவில் இருந்த மண், மறுபடியும் சேறாகிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. நீங்கள் சர்ச்சில் இருந்து வந்து, துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு, அடுப்படிக்குள் போனீர்கள். ஜல்லி லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். துணி உலரும் முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் கணவர் ஜெபராஜ் மாமாவும் நானும் சுனிதாவின் புருஷனும் கையாலேயே தோண்டினோம். பிசைந்த மண்ணாக வந்தது அக்கா. காய்ந்த மண்ணாக ஒரு கைப்பிடிகூட இல்லை. உங்களை வெளியே எடுக்கும்போதும் அந்தக் குழாய் ஊசி மாதிரி பீய்ச்சிக்கொண்டேதான் இருந்தது.

இப்போது நடக்கிறதைச் சொல்கிறேன்.

இடிந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டி, இரண்டு சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்திருக்கிறார். உங்கள் அடுப்படிக்குப் போன கிளைக் குழாயை மட்டும் மடக்கி அடைத்திருக்கிறார்கள். மாமா பக்கத்துத் தெருவில் அவர் தம்பி வீட்டில் இருக்கிறார். வேலைக்குப் போகவில்லை. போன புதன்கிழமை வீட்டுக்காரர் போலீசில் கொடுப்பதற்கு ஒரு காகிதத்தோடு அங்கே போனார். நானும் இருந்தேன். தொடர் மழையில் சுவர் ஊறி இடிந்தது, யார் மேலும் புகார் இல்லை என்று டைப் அடித்திருந்தது.

"மழையா?" என்றேன். "அன்னைக்கு வெயில் அடிச்சுதுங்க."

"அதுக்கு முந்துன வாரம் பேஞ்சுதா இல்லியா கண்ணு? அத எழுதறதுல என்ன பொய்யி?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தாமல், மாமாவுக்கும் கேட்கும்படி சொன்னார். "கொழாயின்னு எழுதுனா, அந்தக் கொழாயில துணி சுத்துனது யாருன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?"

அதைத்தான் மேலே எழுதிவிட்டேன். நான்தான் சுற்றினேன். கேட்கிற இடத்தில் கேட்கட்டும், அங்கேயும் சொல்வேன். என் தப்பைக் காட்டி அவர் தப்பை மூட விடமாட்டேன்.

மாமா அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கையெழுத்துப் போட்டா என்ன, போடாட்டி என்ன, அவ திரும்பி வரப் போறாளா?" என்றார் என்னிடம். எனக்குக் கோபம் வந்தது. அவரிடம் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனாலும் சுனிதா வீட்டுக்கு ஒரு தடவை வாங்க மாமா என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

உங்கள் சுவருக்குப் போன அதே லைன்தான் சுனிதாவின் அறைச் சுவருக்குள்ளும் போகிறது. அங்கேயும் அவர் சிமென்ட் பூசியிருக்கிறார். விரலால் தட்டினால் கெட்டிச் சுவரின் சத்தம் வராது, ஈர மூட்டையைத் தட்டுகிற மாதிரி இருக்கும். அந்தச் சுவரை ஒட்டி, தரையில் பாய் போட்டு, அவளுடைய ஆறு மாசக் குழந்தை படுத்திருந்தது. ஏன் அங்கே போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். "தீவார் டண்டி ஹை பையா" என்றாள் சுனிதா. சுவர் குளிர்ச்சியாக இருக்கிறதாம். ஓட்டு வீட்டு வெக்கையில் பிள்ளை அங்கேதான் அழாமல் தூங்குகிறதாம். இரண்டு கோடையாக நீங்களும் அடுப்படிச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "ஏசி போட்ட மாதிரி இருக்குலே" என்று சொன்னீர்களே, அதே குளிர்ச்சி.

மாமா குனிந்து பாயை இழுத்து அறையின் நடுவில் போட்டார். குழந்தை விழித்து அழுதது. அவர் வெளியே வந்து சட்டைப்பையில் இருந்த காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். "நீயே திருப்பிக் குடுத்துரு. நான் போடல."

செய்ய வேண்டியது மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. சுவருக்குள் கிடக்கும் பழைய குழாயைச் சரிசெய்யவே கூடாது. ஒரு ஓட்டையை அடைத்தால் அது அடுத்த மரையில் ஒழுகும். அதைத் தொட்டியடியிலேயே துண்டித்து, அப்படியே சாக விட வேண்டும். புது பிளாஸ்டிக் குழாயைச் சுவருக்கு வெளியே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கிளாம்ப் போட்டு இழுக்க வேண்டும். அது ஒழுகினால் எல்லோருக்கும் தெரியும், யாரும் மறைக்க முடியாது. சிமென்டைக் கொத்தி எடுத்து, சுவருக்கு முட்டுக் கொடுத்து, அது காயும்வரை அந்த அறையில் யாரையும் படுக்க விடக் கூடாது. காய மாசக்கணக்கில் ஆகும், ஆகட்டும். அதற்குப் பிறகு சுண்ணாம்பு பூசலாம். முன்பக்கத்துக்கு மட்டும் சுண்ணாம்புக்காரரை வரவழைக்கத் தெரிகிறது அல்லவா?

குழாய் இழுக்கிற வேலையை நானே ஒரே பகலில் முடிப்பேன். பைப், கிளாம்ப், வால்வு எல்லாம் என் அறையில் தயாராகக் கிடக்கிறது. புது லைன் ஓடிய பிறகு பழையதைத் துண்டித்தால் யாருக்கும் தண்ணீர் நிற்காது. அதற்கு நான் மாடிக்குப் போக வேண்டும். மாடிக்கதவுச் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது.

நேற்று வாடகை வாங்க வந்தார். முற்றத்தில் எல்லோரும் இருக்கும்போதே கேட்டேன்.

"மாடிச் சாவியக் குடுங்க. இன்னைக்கே லைன மாத்திர்றேன். உங்களுக்கு ஒரு வேலையும் இல்லீங்க."

"ஊடு புடிக்கலீன்னா காலி பண்ணிக்கலாமுங்க. யாரையும் கட்டியா வெச்சிருக்குது?" என்றார், என்னைப் பார்க்காமல், எல்லோரையும் பார்த்து.

ஒவ்வொருவராக வாடகைப் பணத்தை அவர் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். நூல் பிரிக்கும் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான், பொய்யாகிவிடும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாளைக்கே எங்கே போய் நிற்பார்கள் என்பதும் தெரிகிறது. ஆனால் நீங்கள் இருந்திருந்தால் அந்த இடத்தில் ஏதாவது சொல்லி அவரைச் சிரிப்புப் பொருளாக்கியிருப்பீர்கள். எனக்கு அந்த வாய் இல்லை அக்கா. சுனிதா மட்டும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். தனக்குத் தெரிந்த தமிழில், "சாவி குடு அண்ணா" என்றாள். அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஷிப்மென்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் குழந்தை படுக்கிற அறையின் சுவர் காய்கிறவரை இதை விடமாட்டேன். என்னைக் காலி பண்ணச் சொன்னால் தெருவில் நின்று கேட்பேன். இந்தக் கடிதத்தை அச்சடித்து, போட்டோ எடுக்க வருகிற ஒவ்வொரு ஜோடியின் கையிலும் கொடுப்பேன்.

வீட்டுக்காரரே, இதை உங்களுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள் என்று தெரியும். நேற்றுக் கேட்டதையே கேட்கிறேன். ஐந்து குடும்பம் இன்னும் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் இந்த நிமிஷமும் இறங்கிக்கொண்டிருக்கிறது. மாடிச் சாவியைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
எஸ்தரின் தம்பி கதிரவன்